நன்றிக்கு ஒரு வெளிச்சம்

பொழுது சாய்ந்தால் முகாஷுக்குக் கண் தெரியாது. இது முகாஷுக்குத் தெரியும், அவன் மனைவி புருலுக்கும் தெரியும். ஆனால் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. "ஹெட்லைட் மங்கிப்போச்சு, செனான் பல்பு மாட்டிடலாம்" என்று அவன் சொன்னபோது, "ஆமா, ரொம்ப மங்கல்" என்று அவளும் ஒத்து ஊதினாள். ஹெட்லைட்டில் ஒரு குறையும் இல்லை.

அவனுடைய அப்பாவுக்கும் மாலைக்கண்தான். தலாஸ் பக்கத்தில் ஆடு மேய்த்தவர். வெயில் இறங்கியதும் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்துவிடுவார் என்பதால் ஊர் அவருக்குக் 'கோழி' என்று பெயர் வைத்தது. செத்துப் புதைத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. 'கோழி மகன்' என்ற பெயரோடு பள்ளிக்கூடம் போனவன் முகாஷ். இப்போது நாற்பத்தேழு வயதில், தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து மலை தாண்டித் தலாஸுக்கு வேன் ஓட்டுகிறவன், அந்தப் பெயரைத் திரும்பக் கேட்பதைவிட மலையிலிருந்து குதித்துவிடுவான். லைசென்ஸுக்குக் கண் பரிசோதனை செய்யும் மங்கலான அறைக்கு எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு போனவன் அவன். அந்த எழுத்துகளை அவனுக்கு ஒப்பித்துக் காட்டியவள் புருல்.

வேன் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ஸ்டியரிங் வலப்பக்கம். சாலையில் போவதும் வலப்பக்கமே என்பதால், முன்னால் ஒரு லாரி போனால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று ஓட்டுபவனுக்குத் தெரியாது. இடது முன்னிருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போ" என்றோ "இரு" என்றோ சொல்ல வேண்டும். இந்த நாட்டில் பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன. முகாஷுக்கு அந்த இருக்கையில் புருல். டிக்கெட் காசு வாங்குவதும் அவள், "போ" சொல்வதும் அவள். கடந்த ஒரு வருஷமாக அதற்கு மேலும் சொல்லிவந்தாள். "அடடா, அந்தக் குதிரையைப் பாருங்க, என்ன அழகு" என்பாள். பின்னால் இருப்பவர்கள் குதிரையைப் பார்ப்பார்கள், முகாஷ் பிரேக்கில் கால் வைப்பான். சொல்வதற்கு வெட்கம்தான், ஆனால் அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது. இருபது வருஷக் குடித்தனத்தில் அவன் இப்படி அவளை நம்பியது இல்லை.

சந்தையில் இரும்புக் கண்டெய்னர்களே கடைகள். ரிஸ்பெக் என்கிற இளைஞனின் கடையில் ஒரு பலகை நிறைய பல்புகள் எரிந்துகொண்டிருந்தன, மஞ்சள் கலந்த வெள்ளையில் தொடங்கி கத்தரிப்பூ நீலம் வரைக்கும்.

"நிறத்துக்கு நம்பர் இருக்கு. இது நாலாயிரத்து முன்னூறு, இது ஐயாயிரம், இது ஆறாயிரம். அந்தக் கடைசி எட்டாயிரம், கல்யாண வண்டிக்குப் போடுவாங்க."

"நம்பர் ஏற ஏற வெளிச்சம் ஏறும், அதானே?" என்றான் முகாஷ்.

"ஊரே அப்படித்தான் நெனைக்குது அண்ணே. நானும் நெனைச்சுட்டுப் போகட்டும்னு வித்துடுவேன். ஆனா நீங்க மலைக்குப் போறவரு. பனியில அந்த நீலம் சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்ல. நாலாயிரத்து முன்னூறு எடுங்க. பாக்க சுமாரா இருக்கும், ஆனா ரோடு தெரியும்."

ரிஸ்பெக் கண்டெய்னர் கதவை இழுத்துச் சாத்தினான். மற்ற பல்புகளை அணைத்துவிட்டு, ஒன்றை மட்டும் உள் மூலையில் இருந்த ஓர் அட்டைப் பெட்டியின் பக்கம் திருப்பினான். "அதுல என்ன எழுதியிருக்கு, படிங்க பாப்போம்."

முகாஷ் மூலையைப் பார்த்தான். பெட்டி இருந்தது ஒரு மூலை, அவன் பார்த்தது அதற்கு அடுத்த மூலை.

"நல்லாத் தெரியுது" என்றான்.

"என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன்."

"'கண்ணாடி, கவனம்'னு போட்டிருக்கு" என்று புருல் முந்திக்கொண்டாள். "அதுக்கு மேலயே டீ கிளாஸை வச்சிருக்கியே, உனக்குக் கவனம் இருக்கா?"

"நான் அண்ணனைக் கேட்டேன் அக்கா."

"அண்ணனுக்கு வாயும் நான்தான். விலையைச் சொல்லு."

ரிஸ்பெக் சிரித்தான். முப்பத்தைந்து வாட் பெட்டியை எடுத்து வைத்தான். முகாஷ் அதைத் தள்ளிவிட்டு ஐம்பத்தைந்தைக் கேட்டான். சிரிப்பு நின்றது.

"அது வேணாம் அண்ணே. லேம்பு வெந்துபோகும். எதிர்ல வர்றவன் கண்ணும் வெந்துபோகும்."

"எதிர்ல வர்றவன் அவன் கண்ணை அவன் பாத்துக்குவான். நீ குடு."

புருலுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அபசகுனம் போகத் துப்பிவிட வேண்டும்போல இருந்தது. துப்பாமல் பையிலிருந்து காசை எடுத்தாள்.

மாட்டிக் கொடுத்தவர் இஸ்மார் என்கிற துங்கான் இனத்துக்காரர். வாகன மின்வேலை பார்ப்பவர், வாய் ஓயாமல் முணுமுணுப்பவர். பல்பின் கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்தார். லேம்பின் பின் மூடியில் துளை போட்டு வயரை விட்டு, ரப்பரால் அடைத்தார். மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் பெட்டிகள் இரண்டையும் தண்ணீர் படாத இடம் பார்த்து முடுக்கினார். பாட்டரியிலிருந்து தனியாக வயர் இழுத்தார். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு விளக்கும் முதலில் ஊதாவாக நடுங்கின. பிறகு ஏழெட்டு நொடிக்குள் வெள்ளை ஏறி ஏறி, எதிர்ச் சுவரில் இருந்த செங்கல் ஒவ்வொன்றும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது.

முகாஷ் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் புருல் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

"சந்தோஷப்படாதீங்க" என்றார் இஸ்மார். "வெளிச்சத்தோட அந்த இடப்பக்கக் கோட்டைப் பாருங்க. மேல ஏறிப் போகுதா? ஜப்பான்காரன் ரோட்டுல இடப்பக்கம் போறவன். ஓரத்துல நடக்கிறவன் தெரியட்டும்னு அவன் இடப்பக்கம் வெளிச்சத்தைத் தூக்கி விட்டிருக்கான். நம்ம ரோட்டுல இடப்பக்கம் யாரு வர்றா? எதிர் வண்டி. பழைய பல்புல அது தாங்கும். இது நேரா மூஞ்சியில போய் விழும்."

"அதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டவள் புருல்.

"லேம்பையே மாத்தணும். லென்ஸ் வச்சது, நம்ம ரோட்டுக்குன்னே செஞ்சது இருக்கு. ஒரு நாள் வேலை."

"நாளைக்கு ஆளு ஏறுது. வண்டி நிக்க முடியாது" என்றான் முகாஷ்.

இஸ்மார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். லேம்புக் கண்ணாடியில் கோடு ஏறும் இடத்தை அளந்து, இரண்டிலும் கறுப்பு டேப்பை ஆப்பு மாதிரி வெட்டி ஒட்டினார். திருகாணியைத் திருகி வெளிச்சத்தைத் தாழ்த்தினார். "இதுக்கு மேல ஒரு விரக்கடை ஏத்தினாலும் பாவம் உங்களுக்குத்தான். அப்புறமா வந்து லேம்பை மாத்திக்கோங்க."

மறுநாள் காலை வீட்டு முற்றத்தில் முகாஷ் அந்த டேப்பை உரித்தான். விறகுக் கொட்டகைச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "ஸ்க்ரூட்ரைவர் எங்க?" என்றான். புருல் எடுத்துக் கொடுத்தாள். அவன் திருகினான். வெளிச்சம் சுவரில் ஏறி, கூரையில் ஏறி, அதற்கும் மேலே போய் நின்றது.

"அவர் வேணாம்னாரே" என்றாள்.

"அவனா தலாஸுக்கு ஓட்டப்போறான்?"

மேலே பேசினால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். புது சாமான் வந்தால் செய்வதுபோல ஆர்ச்சா என்கிற மலைமரத்து இலையைத் தணலில் போட்டு, அந்தப் புகையை வண்டியைச் சுற்றிக் காட்டினாள். காற்று எதிராக அடித்ததால் புகை அவள் கண்ணிலேயே வந்து விழுந்தது.

ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன முகாஷ், சூரியனைக் கழட்டிட்டு வந்துட்டியா? இதுக்கு ஒரு ஆடு வெட்டணும்பா." வேன் நிரம்பப் பன்னிரண்டரை ஆயிற்று. ஏறிய ஆறு பேரில் ஐந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்ததுமே தூங்கினார்கள். தூங்காதவர் தொக்தோசுன், தலாஸில் பீன்ஸ் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் தரகர். புருலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து சம்சாவைக் கடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தவர் கணவாய் ஏறும்வரை வாய் மூடவில்லை.

கணவாய்ச் சுரங்கத்துக்குள் எதிரே வந்த ஒரு லாரிக்காரன் அவர்களைத் தாண்டிப் போகும்வரை ஹாரனை அழுத்திக்கொண்டே போனான். "ஏன் இப்படிக் கத்தறான்?" என்றார் தொக்தோசுன். "பொறாமை" என்றான் முகாஷ். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், ஒரு கையால் ஓட்டினான். புருல் ஒன்றுமே சொல்லத் தேவையில்லாமல் ஒவ்வொரு வளைவையும் தானே எடுத்தான். அவள் இருக்கையில் சாய்ந்துகொண்டாள். ஓய்வாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் இன்னும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுரங்கத்தைக் கடந்து இறங்கினால் சூசாமிர் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பனி, நடுவில் கறுப்பாக ஒரே சாலை, சாலைக்கு இருபுறமும் கீழிறங்கும் ஆள் உயரச் சரிவு. மணி நாலே முக்கால். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது, பனியின் வெளுப்பு மட்டும் மிச்சம். அவர்கள் ஒன்றும் அவசரமாகப் போகவில்லை.

எதிரே வந்த ஒரு கார் விளக்கை இரண்டு தடவை சிமிட்டியது.

"முன்னால போலீசு" என்றான் முகாஷ். உடனே வேகத்தைக் குறைத்தான், பெல்ட்டை இழுத்து மாட்டினான். போலீஸ் நிற்கிறது என்று எதிர் வண்டிக்கு விளக்கைச் சிமிட்டிச் சொல்வதும், அதற்கு நன்றியாகத் திருப்பி ஒரு சிமிட்டு சிமிட்டுவதும் இந்தச் சாலையின் மரியாதை. முகாஷ் மரியாதை தெரிந்தவன். முழு வெளிச்சத்தையும் ஒரு தடவை தூக்கிப் போட்டு நன்றி சொன்னான்.

போலீஸ் இல்லை.

அடுத்து ஒரு லாரி சிமிட்டியது. முகாஷ் மறுபடி வேகம் குறைத்தான், மறுபடி நன்றி சொன்னான். போலீஸ் இல்லை. மூன்றாவதாக ஒரு வேன், பிறகு இரண்டு கார் சேர்ந்தாற்போல.

"நாட்டுல இருக்கிற போலீசு மொத்தமும் இன்னிக்கு சூசாமிர்லதான் போல" என்றார் தொக்தோசுன். "ஆனா ஒருத்தனையும் காணோம். குளிருக்குப் பயந்து பனிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டானுங்களோ?"

முகாஷ் சிரித்தான். "நல்ல மனுஷங்க. இந்த ரோட்டுல இன்னும் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கிறாங்க பாருங்க."

மூன்றாவது வண்டியிலேயே புருலுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் போலீஸைச் சொல்லவில்லை. கண் கூசுகிறது, விளக்கைத் தாழ்த்து என்று கெஞ்சுகிறார்கள். கெஞ்சுகிறவன் முகத்தில் இவன் இன்னும் ஒரு வாளி வெளிச்சத்தை வீசுகிறான். இதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் அவன் விளக்கைத் தாழ்த்துவான். தாழ்த்தினால் அவனுக்குத் தெரியாது. தெரியாவிட்டால் பின்னால் இருக்கும் ஆறு பேருக்கும் தெரிந்துவிடும், நாளைக் காலை ஸ்டாண்டில் கோழி என்று கூப்பிடுவார்கள், வண்டியை விற்க வேண்டும். அடுத்த கணவாய்க்கு முன்னால் இருக்கிற டீக்கடைக்கு ஒரு மணி நேரம்தான். அங்கே நிறுத்தித் தனியாகச் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி வந்துவிடப்போகிறது? இப்படிக் கணக்குப் போட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளை யார் மன்னித்தாலும் இந்தக் கதையைச் சொல்கிற நான் மன்னிப்பதாக இல்லை.

நேர்ச்சாலையில் தூரத்தில் இரண்டு மஞ்சள் பொட்டுகள் தெரிந்தன. சின்னக் கார். நெருங்கியதும் சிமிட்டியது. முகாஷ் வேகம் குறைத்தான். மறுபடி சிமிட்டியது. மூன்றாவது முறை விடாமல் எரித்துக்கொண்டே வந்தது.

"தெரிஞ்சுதுப்பா, தெரிஞ்சுது. நன்றி" என்று முகாஷ் முழு வெளிச்சத்தைத் தூக்கினான்.

அந்த வெளிச்சத்தில் எதிர்க் காரின் உள்ளே புருல் ஒருவனைப் பார்த்தாள். முழங்கையால் கண்ணை மறைத்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் சிவப்புக் குல்லா போட்ட ஒரு சின்ன உருவம். கார் இவர்களைத் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் அதன் பின் விளக்குகள் சாலையை விட்டு ஒதுங்கின, ஒரு துள்ளு துள்ளின, கீழே இறங்கின, இல்லாமல் போயின.

"இங்கயும் போலீசைக் காணோமே" என்றான் முகாஷ்.

ஒரு மின்கம்பம் போயிற்று. இரண்டாவது போயிற்று. மூன்றாவது போயிற்று. யாரும் பார்க்கவில்லை. தொக்தோசுன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மட்டும்தான் பார்த்தாள். பார்த்ததைச் சொல்வதற்குத்தான் அவள் அந்த இருக்கையில் இருந்தாள்.

"நிறுத்துங்க."

"என்ன?"

"நிறுத்துங்கன்னா நிறுத்துங்க! ஒரு கார் கீழ போயிடுச்சு. உங்க வெளிச்சத்துல போயிடுச்சு!"

வண்டி வழுக்கிக்கொண்டு போய் நின்றது. முகாஷ்தான் முதலில் இறங்கி ஓடினான். அதையும் சொல்ல வேண்டும், அவன் கோழை அல்ல. பின்னால் தொக்தோசுன், தூக்கத்திலிருந்து எழுந்த இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் புருல். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. பனி வெளுத்துக் கிடந்தது. சரிவுக்குக் கீழே கார் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்ததை எல்லோரும் சாலையிலிருந்தே பார்த்தார்கள். அதன் அருகில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சிவப்புக் குல்லாவோடு நின்றாள்.

முகாஷ் சரிவில் இறங்கி, பனியில் முழங்கால் புதைய நடந்து, காரைத் தாண்டிப் போனான்.

"எங்க? எங்க இருக்கீங்க? சத்தம் குடுங்க!" என்று கத்திக்கொண்டே போனான். காருக்கும் அவனுக்கும் பத்தடி கூட இல்லை. கை இரண்டையும் முன்னால் நீட்டிக் காற்றைத் தடவினான். இன்னும் இரண்டடி வைத்தால் பள்ளம்.

தொக்தோசுன் அப்படியே நின்றுவிட்டார். அந்தச் சிறுமிதான் பேசினாள்.

"மாமா, நாங்க இங்க இருக்கோம். நீங்க எங்கயோ போறீங்க."

முகாஷ் குரல் வந்த பக்கம் திரும்பினான். திரும்பியவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

சிறுமியின் அப்பாவை இழுத்து எடுக்க நான்கு பேர் தேவைப்பட்டது. நெற்றியிலிருந்து ரத்தம், ஒரு கால் திரும்பிக் கிடந்தது. மூச்சு இருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் போன் எடுக்காது. சாலைப் பராமரிப்புக்காரர்களின் நிலையத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். அவரைப் பின்னிருக்கையில் நீட்டிக் கிடத்தினார்கள், தலைமாட்டில் பயணிகளில் ஒருத்தி மடியைக் கொடுத்தாள்.

தொக்தோசுன் முகாஷிடம் கையை நீட்டினார். "சாவியைக் குடு." அவ்வளவு நேரம் பேசிய குரலே இல்லை அது. முகாஷ் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, பின்னால் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தான்.

ஓட்டத் தொடங்கும் முன் தொக்தோசுன் இறங்கிப் போய், கழுத்துத் துணியைக் கிழித்து இரண்டு லேம்பின் மேற்பாதியையும் மூடிக் கட்டினார். பிறகு வண்டியை எடுத்தார். எதிரே ஒரு லாரி வந்தது, ஒன்றும் சிமிட்டாமல் போயிற்று.

புருல் தன் இருக்கையில்தான் இருந்தாள். சிறுமி அவள் மடியில். புருல் தன் கம்பளிச் சால்வையால் அவளை இழுத்துப் போர்த்தினாள், முதுகைத் தடவிக் கொடுத்தாள். பெயர் ஜானில் என்றாள் சிறுமி. அம்மா பிஷ்கேக்கில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், தம்பி பிறந்திருக்கிறான், பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை நாளா அக்கா?" என்றார் தொக்தோசுன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஒரு வருஷம். பொழுது சாஞ்சா அவருக்குக் கண்ணு தெரியாது."

தொக்தோசுன் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார்.

சிறுமி தலையைத் தூக்கிப் புருலைப் பார்த்தாள்.

"அந்த மாமாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

புருல் அவள் குல்லாவைச் சரிசெய்தாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

"தெரியும்மா."

சிறுமி சால்வையை விலக்கினாள். மடியிலிருந்து இறங்கி, இருக்கைகளுக்கு நடுவே தவழ்ந்து பின்னால் போய், தன் அப்பாவின் கைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.